பாட்டில் போட்ட தழும்பு

என் பெயர் மதிவதனி. சொன்ன உடனே உங்களில் சிலருக்கு அந்தப் பாட்டு வாயில் வந்திருக்கும். வரட்டும், நீங்கள் ஒன்றும் முதல் ஆள் இல்லை. ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை ஷேர் ஆட்டோ ஓட்டுகிற அத்தனை மகராசன்களும் அதைப் போட்டு எனக்குக் காட்டிவிட்டார்கள். இப்போதும் எங்காவது ஓர் ஆட்டோவில் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

முல்லவாயல் மதிவதனி – என்
மூச்ச நிறுத்துன சதிவதனி

இப்படித்தான் ஆரம்பிக்கும். ஏமாற்றிவிட்டுப் போன பெண்ணைத் திட்டுகிற கானா. எங்கள் பக்கத்தில் வாரத்துக்கு ஒன்று இந்த மாதிரி வரும். எல்லாவற்றிலும் பையன் அழுவான், பெண் சிரிப்பாள், கடைசியில் பெரிய பைக் வைத்திருக்கிறவன் பின்னால் ஏறிப் போய்விடுவாள். பையன் பேர் எந்தப் பாட்டிலும் வராது. பெண் பேரை மட்டும் தெருவோடு சேர்த்துப் போடுவார்கள்.

நான் முகப்பேரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை செய்கிறேன். காலையில் வெறும் வயிற்றோடு வந்து வரிசையில் உட்காருகிறவர்களுக்கு ஊசி போட்டு ரத்தம் எடுப்பது என் வேலை. வெள்ளைக் கோட்டில் பேர் அட்டை குத்தியிருக்கும். கையை நீட்டுகிறவர்கள் ஊசியைப் பார்க்கப் பயந்து அட்டையைப் படிப்பார்கள். படித்ததும் உதடு ஒரு பக்கமாக இழுக்கும். சர்க்கரை பார்க்க வந்த ஒரு பெரியவர், பேரன் பேத்தி எடுத்தவர், என் முகத்தைப் பார்த்தபடியே முதல் வரியை முணுமுணுத்தார். நரம்பு உடனே கிடைத்துவிட்டது, அதனால் பிழைத்தார்.

இத்தனைக்கும் நான் யாரையும் காதலிக்கவில்லை, யாரையும் ஏமாற்றவுமில்லை. சரண் என் தம்பி பாபுவோடு சுற்றுகிறவன். பக்கத்துத் தெரு. கூரியர் கம்பெனியில் வேலை. எங்கள் வீட்டுக்கு வருவான், அம்மா வைக்கிற மீன் குழம்பைப் பாராட்டிப் பாராட்டிச் சாப்பிடுவான். பிறகு திருமுல்லைவாயல் ஸ்டேஷனில் நான் வண்டி ஏறுகிற நேரத்துக்கு வந்து நிற்க ஆரம்பித்தான். வேண்டாம் என்று முதலில் சிரித்துக்கொண்டே சொன்னேன். பிறகு சிரிக்காமல் சொன்னேன். கடைசியில் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அதற்குப் பிறகு அவன் தாடி வளர்த்தான், போனில் ஸ்டேட்டஸ் வைத்தான், டீக்கடையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். தெருவே அவனுக்காக உச்சுக் கொட்டியது. சினிமாவில் இந்த இடத்தில் பெண் மனசு மாறியிருப்பாள். என் மனசு மாறவில்லை, எரிச்சல்தான் மாறிக் கோபம் ஆனது. அதற்குப் பிறகுதான் அவன் கானா பாடுகிற ஒருத்தனைப் பிடித்து என் பேரில் இந்தப் பாட்டைப் போட வைத்தான்.

பாட்டு வெறும் திட்டோடு நின்றிருந்தால் காதைப் பொத்திக்கொண்டு இருந்திருப்பேன். இரண்டாவது சரணத்தில் இப்படி வந்தது:

முட்டிக்கு மேல தழும்பு கீது
முத்தம் வச்ச ஒதட்டக் கேளு

எனக்கு வலது காலில் முட்டிக்கு மேலே, தொடையின் பாதி வரை தழும்பு இருக்கிறது. சின்ன வயதில், அம்மா சோறு வடிக்கும்போது ஓடிப்போய் மோதிக் கஞ்சியைக் கொட்டிக்கொண்டேன். தோல் சுருங்கி, பழைய துணியைப் பிழிந்து காயப்போட்ட மாதிரி இருக்கும். அதை வெளியார் ஒருத்தரும் பார்த்ததில்லை. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து முட்டி தெரிகிற மாதிரி உடுத்தியதே கிடையாது.

அந்த இரண்டு வரியை அப்பா கேட்ட அன்று வீட்டில் சோறு இறங்கவில்லை. அப்பா பேர் கோதண்டம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் காவல் வேலை. எதற்கும் குரல் உயர்த்தாத மனுஷன். அன்றும் உயர்த்தவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அவனுக்கு எப்டி தெரியும்?"

எனக்குத் தெரியாது என்றேன். அவர் திரும்பவும் அதையே கேட்டார். நான் அவன் பக்கமே போனதில்லை என்று சத்தியம் செய்தேன், அழுதேன், கத்தினேன். பாபு தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அம்மா எழுந்துபோய் அடுப்பைத் துடைத்தாள், ஏற்கெனவே துடைத்திருந்த அடுப்பை. அப்பா கையைக் கழுவிக்கொண்டு வெளியே போய் நின்றார். அவர் என்னை நம்பவில்லை. பொய்யான பாட்டில் இருந்த ஒரே ஒரு உண்மை என்னைக் குற்றவாளி ஆக்கிவிட்டது. பாட்டில் வருகிற மற்றதெல்லாம் பொய் என்று நான் எப்படி நிரூபிப்பேன்?

போலீசுக்குப் போகிறேன் என்றேன். ஸ்டேஷன் வாசலை மிதித்தால் மிச்சமிருக்கிற மானமும் போய்விடும் என்றார் அப்பா. லேபில் என்னோடு வேலை பார்க்கிற பவ்யா நெட்டில் ஓடுகிற அந்தப் பாட்டு வீடியோவைப் பற்றித் தன் போனிலிருந்து புகார் அனுப்பினாள். விதிமுறை எதுவும் மீறப்படவில்லை என்று பதில் வந்தது. பவ்யா சேலத்துப் பெண், முகப்பேர் ஃபிளாட் ஒன்றில் கணவனோடு இருக்கிறாள், நல்ல மனசு. அவளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நீயும் ஒரு பதில் பாட்டுப் போடு மதி, அவனைக் கிழித்துத் தொங்கவிடு, மாஸாக இருக்கும் என்றாள். எனக்கு அவள்மேலும் கோபம் வந்தது. ஏமாற்றுகிறவள், இல்லாவிட்டால் பழிவாங்குகிறவள், அதுவும் இல்லாவிட்டால் கடைசியில் திருந்தித் தாலி கட்டிக்கொள்கிறவள். பாட்டிலும் படத்திலும் நமக்கு இதை விட்டால் வேஷமே வைத்திருக்கவில்லை. நான் காலையில் லேபுக்குப் போய் சாயங்காலம் வீடு திரும்புகிறவள். அதற்கு யார் பாட்டுப் போடுவார்கள்?

மூன்றாவது வேஷத்தைக் கஜபதி மாமா கொண்டுவந்தார். அம்மா வழியில் தூரத்து உறவு, அம்மன் கோயில் கமிட்டியில் இருக்கிறார், தெருவில் யார் வீட்டுப் பஞ்சாயத்தும் அவர் இல்லாமல் நடக்காது. அவர் வந்து உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, ஊரெல்லாம் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, தழும்பு வரைக்கும் சந்தி சிரித்துவிட்டது, இனிமேல் வேறு யாரும் பெண் கேட்டு வர மாட்டார்கள், அந்தப் பையனுக்கே முடித்துவிட்டால் பாட்டே திருமணப் பாட்டு மாதிரி ஆகிவிடும் என்றார். அப்படித்தான் சொன்னார், நான் கூட்டவில்லை. சரண் வீட்டில் பேசி முடித்தாகிவிட்டதாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்ளலாமாம்.

நான் முடியாது என்றேன். அப்பா என்னைப் பார்க்காமல் மாமாவிடம் சரி என்றார்.

அம்மாவாவது பேசுவாள் என்று பார்த்தேன். அங்கம்மா என்றால் எங்கள் தெருவில் தண்ணி லாரிக்காரனே பயப்படுவான், அவ்வளவு வாய். அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்த வாரம் முழுக்க அவள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. அவளும் என்னைச் சந்தேகப்படுகிறாள் என்று நினைத்து நான் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

வெள்ளிக்கிழமை லேபில் அரைநாள் லீவு சொல்லிவிட்டுப் பூந்தமல்லிக்கு பஸ் ஏறினேன். பாட்டைப் பாடியவன் பேர் வேம்புலி. கானா வேம்புலி என்றால் ஆட்டோ ஸ்டாண்டில் சின்னக் குழந்தைகூட வழி சொல்லும். பஸ் நிலையத்துக்குப் பின்னால், மெட்ரோ வேலைக்காகப் பாதி ரோட்டைத் தகரம் வைத்து மறைத்திருக்கிற சந்தில், ஒரு லேத் பட்டறைக்கு மேல் மாடியில் அவன் ரூம். சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருந்தது, வெளிச்சத்தம் உள்ளே வராமல் இருக்க. ஒரு மைக், ஒரு கம்ப்யூட்டர், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. சண்டை போடத் தயாராகத்தான் படியேறினேன். பாட்டை நெட்டிலிருந்து எடுக்காவிட்டால் கம்ப்யூட்டரைத் தூக்கிக் கீழே போடுவது என்றுகூட ஒரு யோசனை இருந்தது.

முப்பத்தைந்து வயது இருக்கும் அவனுக்கு. கழுத்தில் துண்டு. என் பேரைச் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டான். உட்காரு தங்கச்சி என்று நாற்காலியைத் துடைத்தான். டீ சொல்லவா என்று கேட்டான். இவ்வளவு மரியாதையை நான் எதிர்பார்க்கவில்லை, அதுவே எனக்குக் கூடுதல் கோபத்தைக் கொடுத்தது. தங்கச்சி தொடையைப் பற்றி ஊருக்கே பாடிவிட்டு டீயா என்று கேட்டேன்.

அவன் தொழிலைப் பற்றிச் சொன்னான். சாவு வீட்டில் பாடித்தான் அவன் வளர்ந்தானாம். பாடுவதற்கு முன்னால் வீட்டு ஆட்களிடம் செத்தவருக்கு ஒரு அடையாளம் கேட்பானாம். வெளியாளுக்குத் தெரியாததாக இருக்க வேண்டும். நெற்றியில் வெட்டு, திக்கு வாய், தூக்கத்தில் புலம்புவது, இப்படி ஏதாவது. அதைச் சரியான இடத்தில் பாட்டில் வைத்தால் அதுவரை கல்லாக உட்கார்ந்திருந்த பெண்கள்கூட உடைந்து அழுவார்களாம். காதல் தோல்வி பாட்டுக்கும் அதே வழக்கத்தைத்தான் வைத்திருக்கிறானாம். அடையாளம் இல்லாவிட்டால் பாட்டு யாரையோ பற்றினது மாதிரி ஆகிவிடுமாம்.

"நான் செத்துட்டனாண்ணா?" என்றேன்.

அவன் துண்டால் முகத்தைத் துடைத்தான். பாட்டை எடுத்தால் தன் பிழைப்பு போய்விடும், வேண்டுமானால் நீ திட்டுகிற மாதிரி ஒரு பதில் பாட்டுச் செய்யலாம், உன் குரல் நன்றாக இருக்கிறது என்றான். இவனுமா என்று இருந்தது எனக்கு. பதில் பாட்டு வேண்டாம், ஒரே ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும், சரண் அந்தத் தழும்பைப் பார்த்ததாகச் சொன்னானா என்று கேட்டேன்.

"அவனுக்கு இன்னா தெரியும். அடையாளம் சொல்றா மாமேன்னா கண்ணு, கூந்தல், கொலுசுன்னு சொல்லிக்கினு கீறான். கூட வந்தவன்தான் சொன்னான். சின்ன வயசுல கஞ்சி கொட்டிக்கினா, இங்கேர்ந்து இதுவரைக்கும் கீதுன்னு அவன் தொடையிலயே கைய வச்சிக் காட்னான்."

கூட வந்தவன் யார் என்று கேட்டேன். பேர் தெரியாது என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். பார்த்தவன் பார்வையை எடுக்காமல் அப்படியே நின்றான்.

"உன்ன மாரியே இருந்தான்," என்றான்.

கீழே லேத் ஓடிக்கொண்டிருந்தது. நான் எப்படி இறங்கினேன், எந்த பஸ்ஸில் ஏறினேன் என்று நினைவில்லை. அம்பத்தூர் வரும் வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், உட்கார இடமிருந்தும். வெளியில் எவனோ ஒருத்தன் என்று நினைத்து இத்தனை நாள் தேடிக்கொண்டிருந்தேன். அவன் தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

சனிக்கிழமை சாயங்காலம் பாபுவை மொட்டை மாடிக்குக் கூப்பிட்டேன். துணி எடுக்க வேண்டும், வா என்றேன். அவன் கயிற்றின் அந்தப் பக்கம் நின்றான், நான் இந்தப் பக்கம். வேம்புலியைப் பார்த்துவிட்டு வந்தேன் என்றதும் அவன் முகம் சாம்பலாகிவிட்டது. ஜாலிக்குச் சொன்னது என்றான். சரண் அழுதுகொண்டே இருந்தான், பாட்டு நன்றாக வரட்டும் என்று வாய் தவறி வந்துவிட்டது என்றான். அந்த முத்தம் விஷயம் வேம்புலி சேர்த்தது, தனக்குத் தெரியாது என்றான்.

அவனை அடிக்க வேண்டும்போல் இருந்தது. அடிக்கவில்லை. எனக்கு அவன் வாய் வேண்டும். நானே போய், பாபுதான் சொன்னான் என்றால் யார் நம்புவார்கள்? பழியைத் தம்பி தலையில் போடுகிறாள் என்பார்கள். அவன் தன் வாயால் சொன்னால்தான் நாளைக்குத் தட்டு மாறாது. இதை அவனுக்கு விளக்கிச் சொன்னேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"சொன்னா நைனா என்னைக் கொன்னுடுவாருக்கா," என்றான். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரண் நல்ல பையன்தான். உன் மேல உசுரையே வச்சிகினு கீறான்," என்றான்.

இருபத்துநாலு வயதுத் தடியன். என் வாழ்க்கையைக் கொடுத்துத் தன் முதுகைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறான், அதையும் எனக்கு நல்லது செய்கிற மாதிரி சொல்கிறான். நான் அவனையே பார்த்துக்கொண்டு நின்றேன். சரி, நாளைக்குச் சொல்கிறேன் என்று தரையைப் பார்த்துச் சொன்னான். நம்பினேன். வேறு வழியில்லாதபோது மனுஷனுக்கு நம்பிக்கை தானாக வந்துவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சரண் வீட்டார் வந்தார்கள். சரண், அவன் அம்மா, அவன் மாமன். தட்டில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், தேங்காய், மல்லிகைப் பூ, ஒரு அரக்குப் புடவை. சரண் வெள்ளைச் சட்டை போட்டுத் தாடியை ஒதுக்கி வந்திருந்தான். உள்ளே நுழைந்ததும் என்னைத் தேடி, ஜெயித்துவிட்ட மாதிரியும் மன்னித்துவிட்ட மாதிரியும் ஒரு பார்வை பார்த்தான். என்னை மன்னிக்க இவன் யார்? எனக்குக் காது கொதித்தது.

கஜபதி மாமா நடுவில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். நடந்தது நடந்துவிட்டது, சின்னஞ்சிறுசுகள், இனிமேல் பழசைப் பேச வேண்டாம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுத் தட்டை அப்பா பக்கம் நகர்த்தினார். நான் பாபுவைப் பார்த்தேன். அவன் ஃபேனைப் பார்த்தான். பாபு, சொல்லு என்றேன். எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னா சொல்றது?" என்றான்.

அவ்வளவுதான். பூந்தமல்லிக்குப் போனதையும் வேம்புலி சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. சொல்லி முடித்தபோது ஒருத்தர் முகத்திலும் நம்பிக்கை இல்லை. கூத்தாடி பேச்சையெல்லாம் நம்பிக்கொண்டு கூடப் பிறந்தவன் மேல் பழி போடுகிறாயா என்றார் மாமா. அப்பா எழுந்து என் பக்கம் வந்தார். அவர் கை உயர்ந்து நான் பார்த்ததே இல்லை, அன்று உயர்ந்தது.

நான் விலகி, சாமி அலமாரியிலிருந்து கற்பூர டப்பாவை எடுத்தேன். அவர்கள் கொண்டுவந்த தட்டில் இருந்த தேங்காயையும் புடவையையும் கீழே எடுத்து வைத்தேன். நடுவில் ஒரு வெற்றிலை போட்டு, அதன்மேல் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தி, தட்டைச் சரண் முன்னால் நீட்டினேன். எங்கள் ஜனங்களிடத்தில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தால் அதோடு பேச்சு முடிந்தது. அதன்மேல் கோர்ட்டும் கிடையாது, பஞ்சாயத்தும் கிடையாது.

"நீ பாத்தியா? பாத்திருந்தா இத அணைச்சிச் சொல்லு. நான் இப்பவே பொடவ கட்டிக்கினு வந்து உக்கார்றேன்."

நல்ல காரியத்தில் சத்தியம் எதற்கு என்று மாமா தட்டைப் பிடித்து இழுக்க வந்தார். நான் விடவில்லை. சொல்லிவிட்டேனே ஒழிய, அவன் பொய்யாக அணைத்துவிட்டால் தீர்ந்தேன். பிறகு நான் தலைகீழாக நின்றாலும் ஒருத்தரும் நம்பப் போவதில்லை. அவனுக்கும் அது தெரியும். ஒரு தட்டுத் தட்டினால் போதும், நான் அவனுக்குத்தான். அவன் கை மெதுவாகத் தீக்கு மேலே வந்தது. தட்டின் சூடு என் உள்ளங்கையில் ஏறிக்கொண்டிருந்தது.

அவன் அம்மாதான் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். ஒரே பிள்ளைடா, பொய்ச் சத்தியம் பண்ணிடாதே, உன்னை நான் வாரிக்கொடுக்க முடியாது என்று அழுதாள். சரண் கையை எடுத்தான். யாரையும் பார்க்காமல் பேசினான்.

"நான் எதையும் பாக்கல. பாபுதான் சொன்னான்."

கற்பூரம் தானாக எரிந்து அணைந்தது. வெற்றிலை கருகின வாசனை அடித்தது. அப்பா பாபுவைப் பார்த்தார். பாபு அழ ஆரம்பித்தான், சின்னப் பையன் மாதிரி, தோளைக் குலுக்கிக்கொண்டு. இப்போது அந்தக் கை அவன் மேல் விழும் என்று நினைத்தேன். உயர்ந்த கை கீழே இறங்கி அவன் தலையில் போய் உட்கார்ந்தது.

"தெரியாம சொல்லிட்டான்," என்றார் அப்பா.

கஜபதி மாமா உடனே தேறிவிட்டார். அப்படியானால் யார் மேலும் களங்கமே இல்லை, பையனும் யோக்கியன், பெண்ணும் யோக்கியமானவள், இன்னும் சந்தோஷமாகத் தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. தழும்பைப் பார்த்திருந்தாலும் கல்யாணம், பார்க்காவிட்டாலும் கல்யாணம். அப்புறம் எதற்கு இத்தனை நாள் என்னை நிற்க வைத்துக் கேள்வி கேட்டார்கள்? புடவையையும் தேங்காயையும் திரும்பத் தட்டில் வைத்து, தட்டைக் கொண்டுபோய் வாசலில் வைத்தேன். வைத்துவிட்டு வந்து சரண் முன்னால் நின்றேன்.

"நீ அழுதா ஊரே பாடுது. நான் வேணாம்னு சொன்னது ஒருத்தன் காதுலயும் வுழல. இப்ப கேட்டுதா?"

அவன் தலையாட்டினான். அவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். மாமா போகும்போது, பெண் பிள்ளைக்கு இவ்வளவு ஆகாது என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அப்பா பாபுவைக் கூட்டிக்கொண்டு எங்கோ வெளியே போனார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகள் மேல் சந்தேகப்பட்டதற்கு வெட்கமாக இருந்திருக்கலாம். இருக்கட்டும்.

நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் அந்த நிமிஷம் நினைத்தேன். வீடு காலியானதும்தான் ஒன்று உறைத்தது. சரண் பாபு பேரைச் சொன்னபோது அந்த வீட்டில் எல்லார் முகமும் மாறியது, மாமா முகம்கூட. அம்மா முகம் மட்டும் மாறவில்லை. அவள் கதவோரம் நின்றவள் அப்படியே நின்றாள்.

சமையலறைக்குப் போனேன். அம்மா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். நான் போய் அவள் பக்கத்தில் நின்றேன்.

"எம்மா, உனுக்கு எப்ப தெரியும்?"

எது என்று அவள் கேட்கவில்லை. தண்ணீரை வடித்தாள். இன்னொரு தண்ணீர் பிடித்தாள்.

"பாட்டு கேட்ட அன்னிக்கே," என்றாள். "ஊட்ல நாலு பேருக்குத்தான் தெரியும். உங்க நைனா சொல்ல மாட்டாரு. நான் சொல்லல. வேற யாரு?"

அந்த வாரம் முழுக்க அவள் என் முகத்தைப் பார்க்காதது சந்தேகத்தால் இல்லை. அப்பா என்னைக் கேள்வி கேட்டபோது துடைத்த அடுப்பை அவள் ஏன் துடைத்தாள் என்று இப்போது புரிந்தது. மாமா வந்து நாள் குறித்தபோதும் தெரியும். நான் குளியலறையில் அழுதது அவள் காதில் விழுந்திருக்கும், அப்போதும் தெரியும். இன்றைக்குத் தட்டு மாறியிருந்தால் பூவும் வைத்துவிட்டிருப்பாள். சரண் செய்ததும் பாபு செய்ததும் சேர்ந்து எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அம்மா திரும்பினாள். அழுதிருந்தாள்.

"அவன் ஆம்பளப் புள்ளடி. நாளைக்கு வேலைக்குப் போற எடத்துல தல நிமுந்து நிக்க வேணாமா? சொந்த அக்காவப் பத்திச் சொன்னவன்னு நாலு பேரு பேசுனா தாங்குவானா?"

"நான் வேலைக்குப் போவலையாம்மா?" என்று கேட்டேன்.

அம்மா அரிசியை உலையில் போட்டாள். மறுநாள் காலையில் வழக்கம்போல டிபன் டப்பாவைக் கட்டி வாசலில் நின்று நீட்டினாள். நான் வாங்காமல் ஸ்டேஷனுக்கு நடந்தேன்.